எம்டன் கல்லும் எங்கள் ஊர்க் கல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வக்கீல் குமாஸ்தா. 1979-ல் தம்புச்செட்டித் தெருவில் ஒரு சீனியரிடம் கட்டுத் தூக்கச் சேர்ந்து, 2016-ல் முட்டி வலியோடு வேலையை விட்டவன். அத்தனை வருடமும் பாரிமுனையில் பஸ் இறங்கி ஐகோர்ட்டுக்கு நடந்தவன் என்பதால், அதன் கிழக்குப் பக்கச் சுற்றுச்சுவரில் பதித்திருக்கும் எம்டன் கல்லை வாரத்துக்கு நாலு தடவையாவது கடந்திருப்பேன். முதல் ஏழெட்டு வருடம் அதை நான் படித்ததே இல்லை. யாரோ ஒரு துரை அடிக்கல் நாட்டியது என்று நினைத்திருந்தேன்.

படிக்க வைத்தவர் ஒரு கட்சிக்காரர். தஞ்சாவூர் பக்கத்து ஆள், பாகப்பிரிவினை வழக்கு. அன்றைக்கு வழக்கு எடுக்காமலே போய்விட்டது. டீ குடிக்க வெளியே வந்தோம். சுவரோரம் நின்று கல்லை எழுத்துக் கூட்டிப் படித்தவர், "குமாஸ்தா ஐயா, எங்க மாமனாரை ஊரே எம்டன்னுதான் சொல்லும். அது இந்தக் கப்பல் பேர்தானா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. "ஆமாம், சண்டைக் கப்பல்" என்று சமாளித்தேன். அன்று சாயங்காலமே சீனியரிடம் கேட்டேன். அவருக்கு இதெல்லாம் அத்துப்படி. மறுநாள் வர வேண்டிய பிரமாணப் பத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சொன்னார்.

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கரைக்கு வந்து நின்றது. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். கப்பலுக்கு உண்மையில் புகைபோக்கி மூன்று. பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிய வேண்டும் என்று நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நட்டு வங்காள விரிகுடாவில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யுத்தம் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் சென்னையில் விளக்குகளை அணைக்கவில்லை. துறைமுகத்தின் ஓரம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். தேடுவிளக்கைப் போட்டு அவற்றைக் குறி பார்த்து, அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டு சுட்டுவிட்டு, விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டார்கள். தொட்டிகள் பற்றி எரிந்தன. நகரத்துச் சனம் மூட்டை முடிச்சோடு ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடியது. தவறி வந்த ஒரு குண்டுதான் கோர்ட்டுச் சுவரில் விழுந்தது. அந்த இடத்தில்தான் அந்தக் கல்.

இதில் என்னை உறுத்தியது ஒரு விஷயம். சீனியர் போகிற போக்கில், "துறைமுகத்தில் நின்ற வியாபாரக் கப்பலிலும் குண்டு பட்டது, அஞ்சு பேருக்குக் குறையாமல் செத்தார்கள்" என்றார். அடுத்த நாள் வேலை கிடக்கட்டும் என்று கல்லின் முன் நின்று முழுக்கப் படித்தேன். கப்பல் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, குண்டு எங்கே பட்டது என்று இருக்கிறது. செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுவருக்குக் கல் வைத்தார்கள், ஆளுக்கு வைக்கவில்லை. சுவரைத்தான் அப்புறம் பூசிவிட்டார்களே!

கல் சொல்லாமல் விட்டதை வாய் சொல்ல ஆரம்பிக்கும். ஐகோர்ட் வராந்தாவில் எம்டன் பேச்சு வந்தாலே, "அந்தக் கப்பலில் நம்ம செண்பகராமன் பிள்ளை இருந்தார், கோர்ட்டைக் குறி பார்க்கச் சொன்னதே அவர்தான்" என்று ஒருவர் அடித்துச் சொல்வார். நானும் பல வருடம் நம்பினேன், இரண்டு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். செண்பகராமன் பெரிய மனிதர், அதில் சந்தேகம் இல்லை. திருவனந்தபுரத்தில் பிறந்து, ஐரோப்பாவில் இருந்துகொண்டு வெள்ளைக்காரனுக்கு எதிராக வேலை செய்தவர். ஆனால் 1914-ல் அவர் சுவிட்சர்லாந்தில் சூரிச்சில் கமிட்டி நடத்திவிட்டு பெர்லினுக்குப் போனவர். எம்டனோ யுத்தம் தொடங்கும்போதே சீனக் கடல் பக்கம் இருந்த கப்பல். அதில் அவர் ஏறினார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இதை ஜூனியர் வக்கீல் ஒருவரிடம் சொன்னபோது, "விடுங்க அண்ணே, கதை நல்லா இருக்கு" என்றார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. சாட்சிக் கூண்டில் நிற்காது.

எம்டன் முடிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்னையைச் சுட்டு ஏழு வாரத்தில், 1914 நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அதை அடித்து நொறுக்கியது. 130 பேருக்கு மேல் செத்தார்கள். பிழைத்தவர்களுக்கு ஜெர்மனியில் ஒரு சலுகை கொடுத்தார்கள்: தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம், பிள்ளை பேரனும் வைத்துக்கொள்ளலாம். அந்த ஊரில் இந்தப் பெயர் வம்சத்துக்குக் கௌரவம்; நம் ஊரில் மாமனாருக்குப் பட்டப்பெயர். சுட்டவன் பெயரை இரண்டு நாட்டிலும் நூறு வருடம் தாண்டிச் சொல்கிறார்கள். குண்டு பட்டுச் செத்தவன் பெயர் சென்னையில் எந்தத் தெருவோரத்திலும் இல்லை.

சரி, இத்தனை வருடம் கழித்து இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் ஊர்க் கல்லால்தான்.

வேலூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த காலம் உண்டு. சாவடியாக இருந்து பள்ளிக்கூடமான ஒரு பழைய கட்டடம், ரோட்டைப் பார்த்த சுவர், அதில் இரண்டடிக்கு ஒன்றரை அடி வெள்ளைச் சலவைக்கல். ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இந்த ஊரிலிருந்து 19 பேர் 1914–1919 மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் 3 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். இதே வாசகம், எண் மட்டும் மாறி, நம் மாநிலத்தில் பல ஊர்களில் இருக்கிறது. வட இந்தியாவிலும் இருக்கிறது. மொத்தமாக அச்சடித்த ஃபாரத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பினாற்போலச் செய்திருக்கிறார்கள். ஆயிரம் ஃபாரம் நிரப்பியவன் நான், பார்த்தாலே தெரிந்துவிடும். (யுத்தம் 1918-ல் முடிந்துவிட்டதே, கல்லில் ஏன் 1919 என்று பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் கேட்டான். சண்டை நின்றது 1918 நவம்பரில், வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூனில். நல்ல கேள்வி. நான் அவன் வயதில் கேட்கவில்லை.)

அந்த 3-ல் ஒன்று என் ஆயாவின் அண்ணன்.

ஆயாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். அண்ணன் போன இடத்தை அவள் கடைசி வரைக்கும் "பஸ்ரா" என்றுதான் சொன்னாள். அது எந்தத் திசை என்று அவளுக்குத் தெரியாது, கப்பலில் போகிற ஊர் என்பது மட்டும் தெரியும். செத்த சேதி வந்தது, தேதி வரவில்லை. தேதி இல்லாவிட்டால் திதி ஏது? அதனால் மகாளய அமாவாசையில்தான் அவருக்குப் படையல். இலையில் எல்லாம் வைத்த பிறகு, கடைசியாக ஒரு கட்டு பீடியையும் வைப்பாள். அண்ணன் பீடி குடித்ததை அப்பாவிடம் காட்டிக் கொடுத்தது தான்தான் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லுவாள். பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதில் அண்ணன் பெயர் எழுதியிருக்கிறது என்று நினைத்திருந்தாள். இல்லை, எண் மட்டும்தான் இருக்கிறது என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. 1988-ல் போய்ச் சேர்ந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டார்கள். யார் விட்டது என்பதெல்லாம் இங்கே வேண்டாம், சண்டைக்காக இதை எழுதவில்லை. வந்தவர்கள் சுவரோடு சேர்த்துக் கல்லுக்கும் எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். மேலே ஒரு விழிப்புணர்வு வாசகம் வேறு. பொங்கலுக்குப் போனபோதுதான் பார்த்தேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஊற வைத்து, சவர பிளேடால் எழுத்து எழுத்தாகச் சுரண்டினேன். நானும் என் பேத்தியும் இரண்டு பகல் உட்கார்ந்தோம். பெயின்ட் போனதும் எழுத்துப் பள்ளத்தில் இருந்த கறுப்பும் சேர்ந்து போய்விட்டது. வெள்ளைக் கல்லில் வெள்ளைப் பள்ளம், வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. அடுப்புக் கரியை இடித்துப் பூசித் துடைத்த பிறகுதான் 19-ம் 3-ம் மேலே வந்தன.

கரி பூசிக்கொண்டே பேத்தி, "இவ்வளவு கஷ்டப்படறோம், தாத்தா. பேரே இல்லையே இதுல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அவள்தான் செல்போனில் தேடினாள். உலகப் போர்களில் செத்த காமன்வெல்த் வீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையம் ஒன்று இருக்கிறது. நம் நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதும் அதுதான். அவர்கள் பதிவுகளை யார் வேண்டுமானாலும் தேடலாம், காசு கிடையாது. தமிழ்ப் பெயரை வெள்ளைக்காரக் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், ஆகையால் ஏழெட்டு விதமாக எழுத்தை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. தேதி நினைவில்லாத கிரயப் பத்திரத்துக்கு வில்லங்கம் பார்த்த அனுபவம் எனக்குக் கை கொடுத்தது. மூன்றாம் நாள் அகப்பட்டது. பெயர், சாப்பர் (பாலம், பாதை போடுகிற படைப்பிரிவின் சிப்பாய்) என்ற பதவி, தகப்பனார் பெயர், எங்கள் ஊர், வட ஆற்காடு ஜில்லா, 1917-ல் இறந்த தேதி. நினைவிடம்: பஸ்ரா. ஆயா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அந்த பஸ்ரா நினைவிடத்தைப் பற்றியும் படித்தேன். மெசபடோமியாவில் (இன்றைய இராக்) செத்து, புதைத்த இடம் தெரியாத 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகக் கட்டியது. 1997-ல் சதாம் உசேன் உத்தரவுப்படி அதைக் கல் கல்லாகப் பிரித்து, ஊருக்கு வெளியே நாசிரியா போகிற சாலையில் கொண்டுபோய் வைத்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய் என்றால் சாதாரணச் சிப்பாய்க்கும் கல்லில் பெயர் உண்டு. இந்தியர் என்றால் அதிகாரிகளுக்குத்தான் பெயர். சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட்டின் கீழ் இத்தனை பேர் என்று எண். அங்கேயும் எண்தான்! இது தவறு என்று அந்த ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர், எகிப்தியர் என்று பெயரே சொல்லப்படாமல் விட்டுப்போனவர்கள் 1 லட்சத்து 16 ஆயிரத்துக்குக் குறையாது, மூன்றரை லட்சம் வரைக்கும் இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். டெல்லி இந்தியா கேட்டில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை வெட்டியிருக்கிறார்கள் என்பது உண்மை. எங்கள் ஊர் ஆள் செல்லும் வழியில் டெல்லி வராது.

பெயர் எழுதத் தெரியாத நாடா இது? செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் கிடைத்தது. 1,400 வருடப் பழசு. எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கியிருக்கிறார்கள், அதற்கும் தனியாக ஒரு வாசகம்: கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு. நாயின் பெயர், அது செய்த காரியம், எல்லாம் கல்லில் இருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அகநானூற்றில் வழிதோறும் நிற்கும் நடுகல்லைச் சொல்லும்போது பெயரும் பெருமையும் எழுதி, மயில் பீலி சூட்டி என்று வருகிறதாம், தமிழாசிரியராக இருந்த என் மைத்துனர் சொன்னார். வழிதோறும் என்றால் ரோட்டோரம்தானே? அது நமக்குப் பழைய வழக்கம். யுத்தம் முடிந்து வந்த சர்க்கார் ஃபாரத்தில்தான் பெயருக்கு இடம் இல்லாமல் போயிற்று.

இப்போதும் சில இடங்களில் ஒழுங்காகச் செய்கிறார்கள். திருச்சி கன்டோன்மென்ட்டில் மேஜர் சரவணன் நினைவிடம் சாலையோரம் இருக்கிறது. 1999 மே 29, கார்கில் சண்டை, படாலிக். அந்தப் பக்கம் போகும் ஆட்டோக்காரரைக் கேட்டுப் பாருங்கள், யார் என்று சொல்வார். பெயர் இருப்பதால் சொல்கிறார். எங்கள் ஊர்க் கல்லைக் கேட்டால், "அது வெள்ளைக்காரன் காலத்துக் கல்லுங்க" என்பார்கள். பெயின்ட் அடித்தவரும் அதைத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்லி என்ன?

தங்கள் நாளிதழ் மூலம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எம்டன் கல்லை யாரும் தொட வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில், நடைபாதையில் போகிறவர் நின்று படிக்கிற உயரத்தில், தமிழில் ஒரு பலகை வேண்டும். என்ன நடந்தது, எங்கே எண்ணெய் எரிந்தது, துறைமுகத்தில் யார் செத்தார்கள், செண்பகராமன் அதில் இருந்தாரா இல்லையா, எல்லாம் பத்து வரியில் அடங்கும். அந்தக் குண்டின் சில்லு ஒன்று கோட்டை மியூசியத்தில் இருக்கிறது, நடந்து போகிற தூரம்தான், போய்ப் பாருங்கள் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். 1943-ல் ஜப்பான் விமானம் துறைமுகப் பக்கம் வந்து குண்டு போட்டதற்கு எந்த இடத்திலும் கல் இருந்து நான் பார்த்ததில்லை. அதையும் அதே பலகையில் முடித்துவிடலாம்.

அப்புறம் ஊர்க் கற்கள். மாவட்டத்துக்கு எத்தனை இருக்கிறது, எது சுவரில், எது சாக்கடை மேல் பலகையாகக் கிடக்கிறது என்று ஒரு கணக்கு எடுக்க வேண்டும். ஊர் ஊராக ஹைஸ்கூல் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடுவார்கள். பெயர் தேடுவதையும் அவர்களே செய்வார்கள், என் பேத்தி பத்தாம் வகுப்புதான். எங்கள் ஊரில் மூன்றில் இரண்டு பெயர் கிடைத்துவிட்டது. இன்னொருவரின் வீட்டார் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார்கள், அவர் பெயரின் எழுத்து இன்னும் பிடிபடவில்லை. உயிரோடு திரும்பி வந்த 16 பேரில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயிலாக ஒன்பது பேர் தெரிந்திருக்கிறது. அவர்களையும் விடக்கூடாது.

ஆயாவின் அண்ணன் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பேப்பரில் போட்டால் மறுநாள் அதில் பஜ்ஜி மடிப்பார்கள், தவறாக நினைக்க வேண்டாம். முதலில் கல்லில் ஏறட்டும். போன வருடம் அவருக்குத் தேதி பார்த்து முதல் முறையாகத் திதி கொடுத்தோம். பீடிக் கட்டு வாங்கி வர என் மகன் கூச்சப்பட்டான். நானே போய் வாங்கி வந்தேன்.

செலவுக்கும் யாரையும் கேட்கவில்லை. ராணிப்பேட்டையில் கல் வெட்டுகிறவர் ஒருவரிடம் விசாரித்துவிட்டேன். இரண்டடிக்கு மூன்றடி கறுப்புக் கல், எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. புள்ளிக்குக் காசு வாங்குவதில்லையாம், மெய்யெழுத்து நிறைய வருகிற பெயர் என்றால் உங்களுக்கு லாபம்தானே என்று சிரித்தார். இரண்டு குடும்பமும் சேர்ந்து கொடுத்துவிடுவோம். தடையாக இருப்பது அனுமதி ஒன்றுதான். பழைய கல்லுக்குக் கீழே புதிய கல் பதிக்க யாரைக் கேட்பது என்று நாலு ஆபீஸ் ஏறி இறங்கினேன். கட்டடம் ஒருவருடையது, சுவர் ரோட்டைப் பார்ப்பதால் இன்னொருவருடையது, கல் பழசு என்பதால் மூன்றாமவருடையது, யுத்தம் என்பதால் நாலாமவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்த அதிகாரியோ வாசகரோ இதைப் படித்தால், எந்த ஆபீசில், எந்தப் பிரிவில் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் தங்கள் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள். மனு எழுத எனக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவன்,
சென்னை.